நெடி எங்கே போகும்?

ஒரு குடும்பம் புதிதாக வாங்கிய நான்கறை வீவக வீட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையில் இருந்த சுவர் அந்தப் படத்தில் இல்லை. அது இருந்த இடத்தில், நான்கு பக்கமும் சுற்றி நடக்கக்கூடிய ஒரு நீண்ட மேடை இருக்கிறது. மேடையின் நடுவில் அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே, கூரையிலிருந்து பளபளப்பான எஃகுப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அம்மாவுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. சமைத்துக்கொண்டே எல்லாருடனும் பேசலாம் அல்லவா? அப்பாவுக்கும் உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளுக்கும் பிடித்திருக்கிறது. பாட்டி மட்டும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை நெடுநேரம் பார்க்கிறார்.

“எல்லாம் அழகாத்தான் இருக்கு. மிளகாய் வறுத்தா நெடி எங்கே போகும்?” என்று கேட்கிறார்.

அந்தக் காலக் கம்பத்து வீடுகளில் சமையலறை பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில் இருந்தது. புகை பலகை இடுக்கு வழியாகவும் கூரை இடைவெளி வழியாகவும் வெளியேறிவிடும். அடுக்குமாடி வீட்டில் அப்படி இல்லை. சமையலறைச் சுவரையும் எடுத்துவிட்டால், அடுப்பில் எழும் புகைக்கும் வரவேற்பறை நாற்காலிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இருக்காது. எனவே, பாட்டியின் கேள்விக்கு விடை தெரிந்த பிறகே மேடையின் நிறத்தைப் பற்றியும் எஃகுப் பெட்டியின் விலையைப் பற்றியும் பேசுவது பொருத்தம்.

‘கிச்சன் ஐலண்ட்’ எனப்படும் அந்த மேடையை நடுமேடை எனலாம். கடலுக்கு நடுவே தீவு நிற்பதுபோல, எந்தச் சுவரையும் தொடாமல் அறைக்கு நடுவே நிற்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. கடைகளில் ‘ஹூட்’ என்று கேட்டு வாங்கும் எஃகுப் பெட்டி புகை உறிஞ்சியாகும். அதன் அடிப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் உலோக வடிகட்டியும், உள்ளே மின்விசிறியும், மேலே காற்றை வெளியேற்றும் குழாயும் இருக்கும்.

புகை என்று பொதுவாகச் சொன்னாலும், அடுப்பிலிருந்து எழுவது ஒரே பொருளன்று. நீராவி, மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள், வாசனைதரும் வாயுக்கள், கருகிய உணவின் நுண்துகள்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். எரிவாயு அடுப்பாக இருந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேரும். இது மூச்சுக்குழாயை உறுத்தும் வாயு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடுதல் தொல்லை தருவது. நுண்துகள்களில் பல ‘பிஎம் 2.5’ வகையைச் சேர்ந்தவை. அதாவது, அவற்றின் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாது. இந்தப் பெயர் சிங்கப்பூரர்களுக்குப் புதிதன்று. புகைமூட்டக் காலத்தில் எல்லாரும் கைப்பேசியில் தேடிப் பார்க்கும் அளவு இதுதான். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. வெளிப்புகைக்கு அஞ்சிச் சன்னல்களை இறுக மூடிவிட்டு, அதே வீட்டுக்குள் நெத்திலியைப் பொரித்தெடுப்பவர்களும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனத்தின்கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட தொகுப்பில், மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இந்தப் பிரிவு சான்றுகள் எவ்வளவு வலுவானவை என்பதைக் காட்டுகிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அளந்து சொல்லவில்லை. ஆகவே, மீன் பொரிப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பொரிக்கும்போது எழும் புகை வீட்டிலுள்ளவர்களின் மூச்சில் கலக்காமல் வெளியே போகவேண்டும் என்பதே பொருள்.

அது எப்படி வெளியே போகிறது? பெட்டிக்குள் இருக்கும் விசிறி, புகையைத் தூரத்திலிருந்தே இழுத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் சரியா என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வைத்து ஊதினால், காற்று கையில் நன்றாகப் படும். கையை அசைக்காமல் அதே விசையுடன் காற்றை உள்ளே இழுத்தால், கையில் ஒன்றும் தெரியாது. ஊதும் காற்று ஒரே திசையில் நெடுந்தூரம் செல்கிறது. இழுக்கும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் அதன் வேகம் சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடுகிறது. உறிஞ்சும் திறப்பின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப்போனால், காற்றின் வேகம் திறப்பில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

உண்மையில், புகையை மேலே கொண்டுசெல்வது அதன் வெப்பம்தான். சூடான காற்று எடை குறைந்தது. அது தானாக எழுகிறது. எழும்போது சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துக்கொண்டு, தலைகீழாக வைத்த கூம்பைப்போல் மேலே போகப்போக விரிகிறது. அப்படி விரிந்து வரும் கூம்பை ஏந்திக்கொள்வதும், ஏந்தியது வழிந்துவிடுவதற்குள் வெளியே அனுப்புவதும்தான் புகை உறிஞ்சியின் வேலை. மழைநீருக்கு வாளி வைப்பதைப் போன்றது இது. வாளி எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஒழுகும் இடத்துக்கு நேராக இல்லாவிட்டால் தரைதான் நனையும்.

இதை அறிந்துகொண்டால், நடுமேடையில் உள்ள சிக்கல் தானாகப் புரிந்துவிடும். சுவரோரம் இருக்கும் அடுப்பில், எழும் புகை சுவரை ஒட்டியே ஏறும். பின்பக்கத்திலிருந்து காற்று வந்து அதைக் கலைக்க முடியாது. இருபுறமும் அலமாரிகள் இருந்தால் அவையும் துணை நிற்கும். நடுமேடையில் இந்தத் துணை எதுவும் இல்லை. சன்னல் காற்று ஒரு பக்கம் தள்ளும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரும் காற்று மறுபக்கம் தள்ளும். பக்கத்தில் ஒருவர் விரைந்து நடந்தால்கூடப் புகைக்கூம்பு சாயும். நம் வீடுகளில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி கூரைமின்விசிறி. வரவேற்பறையில் விசிறி முழு வேகத்தில் சுழலும்போது, நடுமேடையில் தாளித்த கடுகின் வாசம் உறிஞ்சியை எட்டுவதற்கு முன்பே நாற்காலிகளை எட்டிவிடும்.

அதனால்தான் நடுமேடைக்கு வாங்கும் புகை உறிஞ்சி, சுவரோர உறிஞ்சியைவிடப் பெரியதாகவும் வலிமையானதாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. சுவரோரத்தில் அடுப்பின் அகலமே உறிஞ்சிக்கும் போதும். நடுமேடையில் இடமும் வலமும் ஏறக்குறைய 7 அல்லது 8 செண்டிமீட்டர் கூடுதலாக இருக்கவேண்டும். 75 செண்டிமீட்டர் அடுப்புக்கு 90 செண்டிமீட்டர் உறிஞ்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் உள்ள ஆழத்தையும் அளந்து பார்க்கவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நடுமேடையில் முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே இல்லை. எந்தப் பக்கமும் புகை தப்பிச் செல்லும் வழிதான்.

வலிமையை, ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவின் வீட்டுக் காற்றோட்டக் கருவித் துறையில் பின்பற்றப்படும் ஒரு பரிந்துரை, சுவரோரத்தைப்போல் ஒன்றரை மடங்கு காற்றோட்டம் நடுமேடைக்குத் தேவை என்கிறது. அதன்படி, 75 செண்டிமீட்டர் அடுப்பு சுவரோரத்தில் இருந்தால் மணிக்குச் சுமார் 425 கன மீட்டரும், நடுமேடையில் இருந்தால் சுமார் 640 கன மீட்டரும் வேண்டும். பெரிய வாணலியில் அடிக்கடி பொரிப்பதும் வறுப்பதுமாக இருக்கும் வீட்டுக்கு இதுவும் போதாமல் போகலாம். எரிவாயு அடுப்பைவிட மின்தூண்டல் அடுப்பில் சூடான காற்று குறைவாக எழுவதால், அங்குத் தேவையும் சற்றுக் குறையும். ஆனால், மிளகாய் எந்த அடுப்பில் வறுபட்டாலும் மிளகாய்தான்.

உயரத்தைப் பொறுத்தவரை, அடுப்புக்கும் உறிஞ்சிக்கும் இடையில் பொதுவாக 65 முதல் 75 செண்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். சரியான அளவு, தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். எரிவாயு அடுப்பென்றால் அந்தக் குறைந்த அளவை மீறக்கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. நாம் கற்பனை செய்த வீட்டில் மகள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கிறாள். மேடையின் உயரம் 90 செண்டிமீட்டர். இடைவெளி 70 செண்டிமீட்டர். அப்படியானால், எஃகுப் பெட்டியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 160 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்.

“அப்பா நெற்றியில் இடிச்சுக்குவாரே!” என்கிறாள் அவள். அதோடு, எல்லாருடைய முகத்தையும் பார்த்துப் பேசிக்கொண்டே சமைக்கலாம் என்பதற்காகத்தானே சுவரை எடுத்தார்கள்? இப்போது அம்மாவின் கண்ணுக்கு நேரே ஒரு பெட்டி தொங்கப்போகிறது. உயர்த்தி மாட்டினால் முகம் தெரியும். ஆனால் புகைக்கூம்பு இன்னும் விரிந்து, ஓரங்களில் வழிந்துவிடும். இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கடைக்காரர் முடிவுசெய்ய முடியாது.

அடுத்தது குழாய். ஒரு புகை உறிஞ்சி நன்றாக வேலை செய்யுமா, செய்யாதா என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாயைப் பொறுத்தே அமைகிறது. சுவரோர உறிஞ்சிக்கு, பின்னாலுள்ள சுவர் வெளிச்சுவராக இருந்துவிட்டால், குழாய் ஓர் அடி தூரம் சென்றாலே போதும். நடுமேடையில் அது முதலில் கூரைக்கு ஏறவேண்டும். பிறகு கூரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடி, வெளிச்சுவரையோ சன்னலையோ அடையவேண்டும். வீவக வீடுகளில் தரைக்கும் கூரைக்கும் இடையிலான உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர்தான். 15 செண்டிமீட்டர் குழாயைப் பொய்க்கூரைக்குள் மறைத்தால், அந்த இடத்தில் கூரை ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் இறங்கிவிடும். வழியில் உத்தரம் குறுக்கிட்டால் அதைத் துளைக்கக்கூடாது. குழாய்தான் வளைந்து போகவேண்டும். ஒவ்வொரு செங்கோண வளைவும் சில மீட்டர் நேர்க்குழாயைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குச் சமம். அந்த அளவுக்குக் காற்று தடைபடும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. உறிஞ்சியிலிருந்து 15 செண்டிமீட்டர் குழாய் புறப்படுகிறது. இடம் போதவில்லை என்று குத்தகையாளர் நடுவழியில் 10 செண்டிமீட்டர் குழாயைப் பொருத்திவிடுகிறார். மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே, காற்று செல்லும் வழி பாதிக்கும் குறைவாக, சரியாகச் சொன்னால் 44 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. மணிக்கு ஆயிரம் கன மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும். வீட்டில் சத்தம் மட்டுமே ஆயிரத்துக்கு இருக்கும். மடிப்பு மடிப்பாக நீளும் குழாயைவிட, உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயே சிறந்தது. மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் அதை எளிதில் துடைத்தெடுக்க முடியாது.

குழாய் எங்கே முடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். அது துணி உலர்த்தும் பகுதியில் போய் முடிந்தால், பள்ளிச் சீருடையில் சம்பல் பெலாச்சான் மணக்கும். பொது நடைபாதையை நோக்கி முடிந்தால் அண்டைவீட்டார் முகம் சுளிப்பார்கள். வெளிச்சுவரில் துளையிடுவதற்கும் அறைச்சுவரை இடிப்பதற்கும் முன்னால், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிமுறைகளைப் படித்து, தேவையான அனுமதியைப் பெறவேண்டும். அவசரகாலப் புகலிடமாகக் கட்டப்பட்ட அறையின் தடித்த சுவரை இடிக்கவே கூடாது. உறிஞ்சியைத் தொங்கவிடுவதிலும் கவனம் தேவை. நடுமேடை உறிஞ்சி கனமானது. அதைக் காங்கிரீட் கூரையில் பிணைக்கவேண்டும். பொய்க்கூரையின் மெல்லிய பலகையில் மாட்டக்கூடாது.

குழாயே வேண்டாத உறிஞ்சிகளும் விற்கப்படுகின்றன. அவை காற்றைக் கரி வடிகட்டியின் வழியே செலுத்தி, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகின்றன. பிசுக்கு ஓரளவு குறையும். நெடியும் ஓரளவு குறையும். ஆனால் வெப்பமும் நீராவியும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். எரிவாயுவிலிருந்து வரும் வாயுக்களையும் இவற்றால் முழுமையாகப் பிடிக்க முடியாது. கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். மாற்றாவிட்டால் அது பெயருக்குத்தான் இருக்கும். எப்போதாவது சூப்பு வைத்து, காய்கறியை அவித்துச் சாப்பிடும் வீட்டுக்கு இது போதலாம். பாட்டி மிளகாய் வறுக்கும் வீட்டுக்குப் போதாது. நெடி எங்கே போகும் என்ற அவருடைய கேள்விக்கு, இந்தக் கருவி தரும் விடை: எங்கேயும் போகாது, வீட்டையே சுற்றிவரும்.

அடுப்பின் நடுவிலேயே உறிஞ்சும் வாயுள்ள கருவிகளும் இருக்கின்றன. தலைக்கு மேல் எதுவும் தொங்காது என்பது அவற்றின் அழகு. இயல்பாக மேலெழும் புகையைக் கீழ்நோக்கி இழுக்கவேண்டியிருப்பதால், அவை தட்டையான தாச்சிக்கு ஏற்றவை. உயரமான குழம்புப் பானையிலிருந்து எழும் ஆவி தப்பிவிடும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வரவேண்டும் என்பதும் பலர் எண்ணிப்பாராத ஒன்று. சமையலறையும் வரவேற்பறையும் சேர்ந்து 40 சதுர மீட்டர் என்றால், உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 104 கன மீட்டர். மணிக்கு 750 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் உறிஞ்சி, எட்டு ஒன்பது நிமிடங்களில் அவ்வளவு காற்றையும் வெளியே தள்ளிவிடும். எல்லாவற்றையும் மூடிவைத்தால் உறிஞ்சி திணறும். எனவே, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சன்னலைச் சிறிது திறந்துவைத்து, கூரைமின்விசிறியை நிறுத்திவிட்டுச் சமைப்பது நல்லது. அந்த நேரத்தில் குளிர்சாதனம் ஓடினால், காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றும் புகையோடு போய்விடும்.

கடைசியாக, சத்தம். இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். பல உறிஞ்சிகள் முழு வேகத்தில் இதைத் தாண்டிவிடும். பத்து டெசிபல் கூடினால், காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். மூடிய சமையலறையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நடுமேடையோ வரவேற்பறையின் ஒரு பகுதி. அங்கே ஒருவர் செய்தி பார்ப்பார். ஒருவர் வீட்டுப்பாடம் செய்வார். “அதைக் கொஞ்சம் நிறுத்தும்மா” என்ற குரல் எழுந்ததும் உறிஞ்சி நிறுத்தப்படும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நிறுத்திவைத்த உறிஞ்சி வெறும் எஃகுப் பெட்டிதான். ஆகவே, முழு வேகத்தில் மட்டுமே வேலை செய்யும் சிறிய கருவியைவிட, நடுத்தர வேகத்திலேயே போதிய காற்றை வெளியேற்றும் கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடையில் கேட்டால் ஓட்டிக் காட்டுவார்கள்.

மகள் வரைபடத்தாளில் குழாயின் வழியைக் கோடிட்டுப் பார்க்கிறாள். நடுமேடையிலிருந்து வெளிச்சுவருக்கு நான்கு மீட்டர். வழியில் ஓர் உத்தரம். மூன்று வளைவுகள். வெளிச்சுவரை ஒட்டி, படத்தில் பாத்திரங்கழுவும் தொட்டி இருக்கிறது. “தொட்டியையும் அடுப்பையும் இடம் மாத்திட்டா என்ன?” என்று கேட்கிறாள். அடுப்பு வெளிச்சுவரோரம் போனால் குழாய் அரை மீட்டர்தான், வளைவு ஒன்றுதான். தொட்டியை நடுமேடைக்குக் கொண்டுவர, தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தரையடியில் இழுக்கவேண்டியிருக்கும். அதுவும் எளிதன்று என்று அப்பா சொல்கிறார். முடிவில் தொட்டி சுவரோரத்திலேயே ஒரு பக்கமாக நகர்கிறது. அதன் அருகில் அடுப்பு வருகிறது. நடுமேடை காய்கறி நறுக்கவும் மாவு பிசையவும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடவும் ஆகிறது. தாளிக்கும் சில நிமிடங்கள் மட்டும் அம்மா மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். அதில் தமக்கு வருத்தமில்லை என்கிறார் அவர்; வெங்காயம் நறுக்கும் நேரத்தில்தானே பேச்சே நடக்கிறது!

எல்லா வீட்டுக்கும் இதே விடை பொருந்தாது. கூரை உயரமான தரைவீட்டில், மேலே நேராகக் குழாய் போக வழி இருந்தால், நடுமேடையிலேயே அடுப்பை வைத்துப் பெரிய உறிஞ்சியைத் தொங்கவிடலாம்.

எந்த உறிஞ்சியானாலும் அதன் உலோக வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது கழற்றி, சுடுநீரிலும் பாத்திரச் சவர்க்காரத்திலும் ஊறவைத்துக் கழுவவேண்டும். அடிக்கடி பொரிக்கும் வீட்டில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கழுவவேண்டும். பிசுக்கு அடைத்த வடிகட்டி காற்றைத் தடுக்கும்; அடுப்பிலிருந்து தீ எழுந்தால் அந்தப் பிசுக்கும் சேர்ந்து எரியும். கவனிப்பாரின்றி விடப்படும் அடுப்பு, இங்குள்ள வீடுகளில் தீ மூள்வதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

கழுவுவது யார் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் மகளைப் பார்க்கிறார்கள். உயரத்தை அளந்தவள் அவள்தானே. அவள் நாள்காட்டியை எடுத்து, மாதத்தின் முதல் சனிக்கிழமையில் ‘வடிகட்டி’ என்று எழுதுகிறாள். மூன்றாம் சனிக்கிழமையில் தம்முடைய பெயரை எழுதச் சொல்கிறார் அப்பா.